வேலையும் வீடும் இருக்க, எல்சாட்டுக்குப் படிப்பது எப்படி?

கனடாவில் சட்டம் படிக்கும் ஆசை இருபத்திரண்டு வயதில் வருகிறவர்களும் உண்டு, முப்பத்தெட்டில் வருகிறவர்களும் உண்டு. முதல் கூட்டத்துக்கு வழிகாட்டப் பல்கலைக்கழகத்திலேயே ஆள் இருக்கும். இந்தக் கட்டுரை மற்றவர்களுக்கானது. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போய், மிஞ்சுகிற நேரத்தில் எல்சாட் (LSAT) என்ற சட்டபீட நுழைவுப் பரீட்சையை எழுத நினைக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். ஒன்ராறியோவை மனதில் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் பரீட்சை இதேதான், விண்ணப்பிக்கும் முறைதான் வேறு.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ சட்டப் பட்டம் முடித்துவிட்டு வந்தவர் என்றால் கொஞ்சம் பொறுங்கள். வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களை மதிப்பிட என்.சி.ஏ. என்ற அமைப்பு இருக்கிறது. உங்கள் பட்டத்தைப் பார்த்து, எந்தெந்தக் கனடியச் சட்டப் பாடங்களில் தேறவேண்டும் என்று அது சொல்லும். அந்த வழிக்கு எல்சாட் வேண்டாம். மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகமும் எல்சாட்டைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, ஆனால் பிரெஞ்சு வாசித்து விளங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வழக்குகள், போக்குவரத்துக் குற்றப்பத்திரம், வாடகைத் தகராறு போன்றவற்றில் ஆட்களுக்கு உதவுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், ஒன்ராறியோவில் பராலீகல் உரிமம் என்று ஒன்று உண்டு. அதற்குக் கல்லூரிப் படிப்பும் உரிமப் பரீட்சையும்தான், எல்சாட் இல்லை.

இது எதுவும் பொருந்தவில்லை, ஜே.டி. என்ற சட்டப் பட்டம் படித்து வழக்கறிஞர் ஆவதுதான் எண்ணம் என்றால், சரி, மேலே வாசியுங்கள்.

பரீட்சையில் என்ன இருக்கிறது

எல்சாட்டில் சட்டம் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. மனப்பாடம் செய்யவும் எதுவும் இல்லை. தலா 35 நிமிடத்தில் நான்கு பகுதிகள். இரண்டு தர்க்கப் பகுதிக்கும் ஒரு வாசிப்புப் பகுதிக்கும் புள்ளி உண்டு. நான்காவது புதுக் கேள்விகளைச் சோதித்துப் பார்ப்பதற்கானது, அதற்குப் புள்ளி இல்லை. எது அந்தப் பகுதி என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடுதான் செய்ய வேண்டும். இரண்டாவது பகுதி முடிந்ததும் 10 நிமிட இடைவேளை.

புள்ளி 120 முதல் 180 வரை. சித்தி, சித்தியின்மை என்ற பேச்சே இல்லை. (இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் "பாஸா?" என்று கேட்பார்கள்.) எழுதுபவர்களில் நடுவில் நிற்பவர் 150ஐச் சற்றே தாண்டியிருப்பார். ஒன்ராறியோ சட்டபீடங்களை நினைத்திருக்கிறீர்கள் என்றால் 160ஐ ஒட்டிய இலக்கு நியாயமானது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு அதைவிட மேலே போக வேண்டும். தவறான விடைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள். நேரம் முடிகிறபோது ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 2024 ஆகஸ்டிலிருந்து தர்க்க விளையாட்டு என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். ஏழு பேரை ஏழு கதிரையில் யார் பக்கத்தில் யார் என்று இருத்துகிற அந்தப் புதிர்கள் இப்போது இல்லை. அதற்கென்று எழுதிய தடித்த புத்தகங்கள் மலிவு விலையில் கிஜிஜியிலும் பேஸ்புக் சந்தையிலும் குவிந்து கிடக்கின்றன. ஐந்து டொலருக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பழைய தர்க்கக் கேள்விகளும் வாசிப்புப் பத்திகளும் மட்டும் இன்றைக்கும் அப்படியே பயன்படும்.

எந்த மாதம் எழுதுவது?

ஒன்ராறியோவில் எல்லாச் சட்டபீடங்களுக்கும் ஓல்சாஸ் என்ற ஒரே இணையவழியில்தான் விண்ணப்பிக்கிறோம். முதலாண்டுக்கான கடைசி நாள் வழமையாக நவம்பர் 1ஐ ஒட்டி வரும். பலர் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு அக்டோபர் பரீட்சையைக் குறிவைக்கிறார்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பவருக்கு அது சரிவராது என்பது என் கருத்து. ஜூலை, ஆகஸ்ட் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள். அந்த இரண்டு மாதமும்தான் உங்கள் கடைசி, மிக முக்கியமான தயாரிப்புக் காலமாக வந்து அமையும். கனடாவில் கலியாணங்களும் கோயில் தேர்களும் அதே மாதங்களில்தான்.

ஜூன் பரீட்சை இவர்களுக்குப் பொருத்தம். ஜனவரியில் தொடங்கினால் குளிர்காலமும் வசந்தமும் கையில் இருக்கும். பள்ளி மூடுவதற்கு முன்னரே எழுதிவிடலாம். எதிர்பார்த்த புள்ளி வராவிட்டாலும் ஆகஸ்டிலோ செப்டெம்பரிலோ மறுபடி எழுத இடம் இருக்கும். கணக்காளராக வேலை செய்கிறவருக்கு இது பொருந்தாது. ஏப்ரல் முடியும்வரை வரிக் கணக்கு அவரை விடாது. அவர் மே மாதம் தொடங்கி செப்டெம்பரில் எழுதட்டும். சிப்ட் மாறி மாறி வேலை செய்யும் தாதிகளும் பராமரிப்பாளர்களும் விடுமுறைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை முதலில் கேட்டுவிட்டு மாதத்தைத் தீர்மானிப்பது நல்லது.

வாரம் எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் ஒதுக்கக்கூடியவருக்கு ஐந்தாறு மாதம் வேண்டும். மூன்று மாதத்தில் முடித்தேன் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகாதவர்கள், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

முதல் வாரம்: படிக்காமல் எழுதிப் பாருங்கள்

பரீட்சையை நடத்தும் எல்சாக் அமைப்பின் லோஹப் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் சில முழு மாதிரிப் பரீட்சைகள் கிடைக்கும். உண்மைப் பரீட்சையின் திரையே அங்கும் வரும். எதையும் படிக்காமல் அதில் ஒன்றை நேரக் கட்டுப்பாட்டோடு எழுதுங்கள். 140 வந்தாலும் மனம் தளர வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். அந்த எண் உங்களுக்கு இரண்டு விஷயம் காட்டும்: இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தர்க்கமா வாசிப்பா எதில் அதிகம் பிழை வருகிறது. இலக்குக்கும் இதற்கும் இருபது புள்ளி இடைவெளி என்றால் மாதத்தை இப்போதே தள்ளிவையுங்கள்.

நேரத்தை அளவு பார்த்துப் பிரியுங்கள்

வேலை செய்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "தினமும் இரண்டு மணி நேரம்" என்று அட்டவணை போடுகிறார்கள். இரண்டாவது வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். அட்டவணை உடைகிறது, அதோடு மனமும் உடைகிறது.

எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்குப் பதில், எப்படிப்பட்ட நேரம் என்று கேளுங்கள். ஒரு வாரம் உங்கள் நாளைக் கவனித்தால் மூன்று வகை தெரியும். பதினைந்து இருபது நிமிடத் துண்டுகள்: ரயிலில், மதிய இடைவேளையில், நீச்சல் வகுப்பு முடியும்வரை காரில். அடுத்து, முக்கால் மணி நேரத் துண்டுகள்: பிள்ளைகள் படுத்த பிறகு, அல்லது விடியப்புறம். கடைசியாக, மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல வருவது. இது வாரத்தில் ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம்.

தர்க்கக் கேள்வி ஒன்றுக்குப் பரீட்சையில் சராசரியாக ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி. ஆகவே சின்னத் துண்டு முழுவதையும் தர்க்கத்துக்குக் கொடுங்கள். அஜின்கோர்ட்டில் கோ ரயில் ஏறி யூனியனில் இறங்குவதற்குள் ஐந்து கேள்வியை ஆறுதலாகச் செய்து, விளக்கத்தையும் வாசித்துவிடலாம். வேகம் வேண்டாம், ஐந்தும் நன்றாக விளங்கினால் போதும்.

வாசிப்புப் பத்தியை ரயிலில் செய்யாதீர்கள். அதற்கு இடையறாத கவனம் வேண்டும். பத்தியின் நடுவில் அறிவிப்பு ஒன்று வந்தாலே கட்டுரையாளர் யாரை எதிர்க்கிறார் என்பது மறந்துபோகும். முக்கால் மணி நேரத் துண்டில் ஒரு முழு வாசிப்புப் பகுதி, அல்லது ஒரு முழு தர்க்கப் பகுதி, அல்லது இரண்டு பத்தியும் அவற்றின் மீளாய்வும். இரவு பத்து மணிக்கு மேல் பத்தி வாசித்தால் கண் மட்டும்தான் ஓடும். அப்படிப்பட்டவர்கள் விடியக் காலை ஐந்தரைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

மூன்று மணி நேரம் கிடைக்கிற நாள் முழுப் பரீட்சைக்கு. முதல் மூன்று மாதம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். கடைசி ஆறு வாரம் வாரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் எழுதினால் மீளாய்வு செய்ய நேரம் இருக்காது. மீளாய்வு செய்யாத பரீட்சையால் பலனும் இல்லை.

ஒரு தர்க்கக் கேள்வியை உடைத்துப் பார்ப்போம்

இது நானே எழுதியது. உண்மைக் கேள்வி இதைவிட நீளமாக, ஐந்து விடைகளோடு, ஆங்கிலத்தில் இருக்கும்.

மார்க்கம் நகரில் ஒரு பேக்கரி டிசம்பர் முதலாம் தேதி புதிய பெயர்ப்பலகை வைத்தது. அந்த மாத விற்பனை நவம்பரைவிட மூன்றிலொரு பங்கு கூடியது. ஆகவே, பெயர்ப்பலகைதான் விற்பனையைக் கூட்டியிருக்கிறது. இந்த வாதத்தை மிகவும் பலவீனமாக்குவது எது?

அ) பலகைக்கு முதலாளி நினைத்ததைவிட அதிகம் செலவாயிற்று.
ஆ) அதே தெருவில், பலகையை மாற்றாத மற்ற இரண்டு பேக்கரிகளிலும் டிசம்பர் விற்பனை அதே அளவு கூடியது.
இ) வாடிக்கையாளர்கள் சிலர் புதிய பலகையைக் கவனிக்கவே இல்லை.

முதல் வேலை, "ஆகவே" எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. அதற்குப் பின்னால் இருப்பது முடிவு, மற்றது ஆதாரம். ஆதாரம் சொல்வது பலகை வந்த மாதத்தில் விற்பனையும் கூடியது என்பதை மட்டும்தான். முடிவோ, பலகையால்தான் கூடியது என்கிறது. ஓட்டை இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. விடைகளைப் பார்க்கும் முன்னரே இந்த ஓட்டையை உங்கள் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள்: "டிசம்பரில் எப்படியும் கேக் விற்கும்தானே?" இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கேள்விகள் இலகுவாகும்.

இப்போது விடைகள். 'அ' செலவைப் பற்றியது. விற்பனை ஏன் கூடியது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 'இ' ஆளை விழுத்தும். பலகைக்கு எதிரானதுபோலத் தெரிகிறது. ஆனால் சிலர்தான் கவனிக்கவில்லை, மற்றவர்கள் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கலாம். 'ஆ' நேராக ஓட்டையில் கை வைக்கிறது: பலகை இல்லாமலே அதே அளவு கூடியிருக்கிறது. விடை 'ஆ'.

அடிக்கடி வரும் இன்னொரு வலை: அங்கத்துவ அட்டை உள்ளவர்கள் மட்டுமே நூலகத்திலிருந்து புத்தகம் எடுக்கலாம், அனுஷாவிடம் அட்டை இருக்கிறது, ஆகவே அனுஷா எடுக்கலாம். இது சரியென்றே தோன்றும். ஆனால் அட்டை இல்லாமல் எடுக்க முடியாது என்பது மட்டும்தான் சொல்லப்பட்டது. அட்டை இருந்தும் அபராதம் கட்டாதவருக்குக் கொடுக்காமல் விடலாம். அவசியமான நிபந்தனையைப் போதுமான நிபந்தனையாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறு எல்சாட்டில் வேறு வேறு உடுப்பில் திரும்பத் திரும்ப வரும். ஒரு வாரம் இதற்கென்றே ஒதுக்கினாலும் வீண் இல்லை.

பிழைக் கொப்பி

பரீட்சை எழுதும்போது சந்தேகமான கேள்விகளில் ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள். நேரம் முடிந்ததும் விடைகளைப் பார்க்காமல், அடையாளம் போட்டவற்றை மட்டும் அவசரமில்லாமல் மறுபடி செய்யுங்கள். பிறகு திருத்துங்கள். முதலில் பிழை, ஆறுதலாகச் செய்தபோது சரி என்றால் பிரச்சினை நேரம். இரண்டு முறையும் பிழை என்றால் பிரச்சினை விளக்கம். அடுத்த வாரம் வேகப் பயிற்சியா, அடிப்படைப் பாடமா என்பதை இதுவே சொல்லிவிடும்.

பிழையான ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் நாலு வரி. மேலே சொன்ன பேக்கரிக் கேள்வியில் 'இ' போட்டவரின் கொப்பி இப்படி இருக்கும்:

வகை: பலவீனமாக்கு.
ஏன் இழுத்தது: "கவனிக்கவே இல்லை" என்றதும் பாய்ந்தேன்.
பார்க்காமல் விட்டது: "சிலர்".
இனி: சிலர், பலர், எல்லோரும் என்ற சொற்களில் நின்று வாசிக்க வேண்டும்.

"கவனக்குறைவு" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அது எல்லாப் பிழைக்கும் பொருந்தும், ஒன்றையும் திருத்தாது. இரண்டு மாதத்தில் கொப்பியைப் புரட்டினால் ஒரே காரணம் பத்துப் பன்னிரண்டு தடவை எழுதியிருப்பது தெரியும். அதைச் சரிசெய்தால் புள்ளி அசையத் தொடங்கும். புதுக் கேள்வி செய்ய நேரமில்லாத வாரங்களில் கொப்பியை மட்டும் வாசித்தாலும் அந்த வாரம் வீணாகாது.

வாசிப்புப் பகுதி

நான்கு தொகுதி. சட்டம், சமூக அறிவியல், கலை இலக்கியம், இயற்கை அறிவியல் என்று விஷயங்கள் மாறும். ஒரு தொகுதியில் இரண்டு சின்னப் பத்திகளை ஒப்பிட வேண்டியிருக்கும். ஆங்கிலம் பிறகு படித்த மொழி என்பதால் இந்தப் பகுதிக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம். சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். தேவையில்லை. ஒவ்வொரு பந்தி முடிவிலும் நின்று, இது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேளுங்கள்: பழைய கருத்தைச் சொல்கிறதா, அதை மறுக்கிறதா, உதாரணம் தருகிறதா? கட்டுரையாளர் யார் பக்கம் என்பது பிடிபட்டுவிட்டால், தெரியாத சொல் பத்து இருந்தாலும் விடை வரும். பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை ஒன்றைத் தினமும் வாசியுங்கள், உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயமாகப் பார்த்து. பிடித்ததை யாரும் கவனமாக வாசிப்பார்கள்.

வீட்டில் பேசவேண்டியது

"கொஞ்சம் ஒத்துழையுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் மாறாது. "சனிக்கிழமை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை நான் வீட்டில் இல்லை, ஜூன்வரை" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் மத்தியானச் சமையல் யார், தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போவது யார் என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள். வீட்டிலேயே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது சிலருக்குத்தான் சரிவரும். தமிழ் வீட்டில் மூடிய கதவைத் தட்டுவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். நூலகத்துக்குப் போய்விடுங்கள். ஸ்காபரோ சிவிக் சென்டர் கிளையோ, யங் வீதியிலுள்ள ரெஃபரன்ஸ் நூலகமோ, செலவில்லாத மேசை கிடைக்கும்.

உறவினர் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். மாதம் நாலு பிறந்தநாள் விழா வரும், இரண்டுக்குப் போய் இரண்டுக்கு வேலை என்று சொல்லிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கொப்பியைத் தொடாமல் இருப்பதையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

பதிவும் செலவும்

பரீட்சைக் கட்டணம் 250 அமெரிக்க டொலரை ஒட்டி வரும். வருமானம் குறைந்தவர்களுக்கு எல்சாக் கட்டண விலக்குத் தருகிறது, பதிவு செய்யும் முன் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் காசு கேட்கும் வகுப்புகளில் தொடக்கத்திலேயே சேராதீர்கள். இரண்டு மாதம் தனியே படித்து, புள்ளி எங்கே சிக்குகிறது என்று தெரிந்த பிறகு, அந்த இடத்துக்கு மட்டும் உதவி தேடுங்கள். முதலில் காசு போடவேண்டியது லோஹப்பின் கட்டணக் கணக்குக்கு. பழைய பரீட்சைகள் ஐம்பதுக்கு மேல் அதில் இருக்கின்றன.

பதிவு, பரீட்சைக்கு ஒரு மாதத்துக்கும் முன்னரே மூடிவிடும். உடல்நிலை காரணமாக மேலதிக நேரமோ இடைவேளையோ வேண்டுமென்றால் அதற்கும் கடைசித் தேதி உண்டு, வைத்தியரின் கடிதம் எடுக்க நாளாகும்.

நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பெயர். எல்சாக் கணக்கில் இருக்கும் பெயரும், பரீட்சை நாளில் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முதலில், சாரதிப் பத்திரத்தில் கடைசியில், பட்டச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து என்று இருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். எந்த அட்டையைக் கொண்டுபோவீர்கள் என்று முதலிலேயே முடிவுசெய்து, அதில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள். அட்டை காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2026 ஆகஸ்ட் முதல், விலக்குப் பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் பரீட்சை நிலையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவருக்கு இது ஒருவகையில் நிம்மதிதான். முந்தைய இரவு வேலை சிப்ட் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாக ஒரு எழுத்துப் பகுதியும் இருக்கிறது. 50 நிமிடம், கணினியில், வேறு நாளில் எழுதலாம். புள்ளி கிடையாது, ஆனால் அதை எழுதி முடிக்காமல் உங்கள் எல்சாட் புள்ளி வெளிவராது. பரீட்சைக்கு எட்டு நாள் முன்பு திறக்கும். பரீட்சை முடிந்த களைப்பில் தள்ளிப்போடாமல் அந்த வாரமே முடித்துவிடுங்கள். அறையில் உங்களைத் தவிர யாரும் இருக்கக்கூடாது, நடுவில் பிள்ளை ஓடிவந்தாலும் சிக்கல்தான்.

புள்ளி வந்த பிறகு

முடிவு வர ஏறக்குறைய மூன்று வாரம். மேலதிகக் கட்டணம் கட்டி, புள்ளியை முதலில் பார்த்துவிட்டு வைத்திருப்பதா ரத்துசெய்வதா என்று தீர்மானிக்கும் வசதியை எடுக்கலாம். பார்த்த பின் ஆறு நாள் அவகாசம் உண்டு. ரத்துசெய்தாலும் அது ஒரு தடவையாகவே கணக்கில் சேரும். புள்ளிகளைச் சட்டபீடங்களுக்கு அனுப்பக்கூடிய நடப்புக் காலப்பகுதியில் ஐந்து தடவை, வாழ்நாளில் ஏழு தடவை என்பது எல்லை.

மறுபடி எழுதுவதா? கடைசியாக எழுதிய மூன்று மாதிரிப் பரீட்சைகளின் சராசரியைப் பாருங்கள். உண்மைப் புள்ளி அதைவிட நாலைந்து குறைவு என்றால் மறுபடி எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் வெறுமனே திரும்ப எழுதுவதால் பெரிதாக மாறாது. கொப்பிக்குத் திரும்பிப்போய் இரண்டு மாதமாவது வேலை செய்ய வேண்டும்.

இதற்கிடையில் விண்ணப்பத்தின் மற்ற வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். பட்டம் முடித்துப் பத்து வருடமானவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம்தான் பெரிய தலையிடி, பேராசிரியர் ஓய்வுபெற்றிருப்பார். பல சட்டபீடங்களில் வயதுவந்த விண்ணப்பதாரர்களுக்கும் சிரமமான சூழலில் இருந்து வருகிறவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே வேலையிடத்து மேலாளரின் கடிதம் எடுபடுமா என்று ஒவ்வொன்றிலும் கேட்டுப் பாருங்கள். ஆகஸ்டிலேயே கேட்டால் எழுதுபவருக்கும் நேரம் இருக்கும். அக்டோபர் கடைசி வாரத்தில் கேட்டால் இரண்டு வரிதான் வரும்.